பிலிம் பேட்ஜில் படம் தெரியவில்லை, போட்டோவும் சரியாக வரவில்லை: என்ன செய்யலாம்?

சட்டையில் குத்தும் எனாமல் பேட்ஜ், அதன் நடுவில் சின்னதாக ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் நிஜமான 35 மிமீ பிலிமிலிருந்து வெட்டிய ஒரு ஃபிரேம். டிஸ்னியின் ‘பீஸ் ஆஃப் டிஸ்னி மூவீஸ்’ வரிசை இந்த வகையில் பேர்பெற்றது. பழைய பிலிம் ரோலை வாங்கி வெட்டி, தாங்களே பேட்ஜ் செய்து விற்பவர்களும் உண்டு. ஒரே டிசைன் பேட்ஜை இரண்டு பேர் வாங்கினாலும் உள்ளே இருக்கிற ஃபிரேம் வேறு வேறாக இருக்கும். அதனால் பார்சலைப் பிரித்ததும் எந்தக் காட்சி வந்திருக்கிறது என்று பார்க்கத் தோன்றும், பார்த்ததும் போட்டோ எடுக்கத் தோன்றும். சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் இருந்து இந்தப் பேட்ஜ்களைச் சேர்ப்பவர்கள் சொல்கிற புகார்களைக் கீழே ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குறைகளில் பெரும்பாலானவை பேட்ஜில் இல்லை, வெளிச்சத்தில்தான் இருக்கின்றன. பேட்ஜைத் தொடுவதற்கு முன்னால் விளக்கை மாற்றிப் பாருங்கள். திறந்து பார்க்கலாமா என்ற எண்ணத்தையும் இப்போதே விட்டுவிடுங்கள். ஜன்னல் ஒட்டி மூடப்பட்டது. அதில் கத்தி நுனி நுழைந்தால் எனாமல் பெயரும், பிலிமில் கீறல் விழும், அப்புறம் அந்தப் பேட்ஜை யாரும் வாங்க மாட்டார்கள்.

ஜன்னல் கறுப்பாக இருக்கிறது, உள்ளே படமே இல்லை

பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் பிலிம் படம் காட்டும். தலைக்கு மேலே டியூப்லைட் எரிய, மேஜையில் கிடத்திப் பார்த்தால் கறுப்பு ஜன்னல்தான் தெரியும். பேட்ஜைத் திருப்பி, பின்பக்கமும் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் வேலை சுலபம். வெளிச்சம் விழுகிற ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, பேட்ஜின் ஓரத்தைப் பிடித்துக் கண்ணுக்கு நேராகத் தூக்குங்கள். படம் வந்துவிடும்.

பின்பக்கம் தகடால் மூடியிருந்தால் கொஞ்சம் கஷ்டம். வெளிச்சம் முன்னாலிருந்து போய் பிலிமைக் கடந்து, பின்னால் இருக்கிற பரப்பில் பட்டு, திரும்பவும் பிலிமைக் கடந்து நம் கண்ணுக்கு வர வேண்டும். இரண்டு தடவை கடப்பதால் படம் இருட்டடித்தே தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டுங்கள், கோணத்தை மெதுவாக மாற்றுங்கள். எங்கோ ஓரிடத்தில் படம் தெளியும். அதற்கு மேல் அந்த வகைப் பேட்ஜில் எதிர்பார்க்க முடியாது.

பின்பக்கம் திறந்திருந்தும் கறுப்பாகவே இருந்தால், அது இரவுக் காட்சியாக இருக்கலாம், அல்லது காட்சி மங்கி மறைகிற இடத்து ஃபிரேமாக இருக்கலாம். சினிமாவில் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. அதில் எல்லாமே நாயகன் முகமாக இருக்காது. மொபைல் டார்ச்சுக்கு முன்னால் ஒரு பட்டர் பேப்பரைப் பிடித்து, அதற்கு முன்னால் பேட்ஜை வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு உருவத்தின் விளிம்பாவது தட்டுப்படும்.

வெயிலில் பிடித்துப் பார்க்காதீர்கள். தியேட்டர் ஆபரேட்டர் அறைக்கு வெளியே பொறுக்கிய பிலிம் துண்டை, ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி லென்ஸாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டு, வீட்டுக்குள் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டிய ஆட்கள் நெல்லைச் சீமையில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். பிலிம் என்றாலே அவர்கள் கை தானாக வெயிலைத் தேடும். அன்றைக்கு ஒரு துண்டு கருகினால் மறுநாள் வேறு துண்டு கிடைத்தது. இது அப்படி இல்லை. பூதக்கண்ணாடியும் வெயிலும் சேர்ந்தால் பிலிம் நொடியில் சுருண்டுவிடும். பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமானால் நகைக்கடையிலும் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையிலும் கண்ணில் வைக்கிற சின்ன லென்ஸ் போதும், அதுவும் எல்இடி வெளிச்சத்தில். ஹாலஜன் விளக்கு, பழைய புரொஜெக்டர் விளக்கு இரண்டும் வேண்டாம். அவற்றில் வெளிச்சத்தோடு சூடும் வருகிறது.

படத்துக்குள் புள்ளி புள்ளியாக, கட்டம் கட்டமாகத் தெரிகிறது

டேப்லெட்டிலோ மொபைலிலோ வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன்மேல் பேட்ஜை வைத்து எடுத்திருப்பீர்கள். அந்தக் கட்டங்கள் திரையின் பிக்சல்கள். பிலிமும் திரையும் ஒட்டி இருப்பதால் கேமரா இரண்டையும் சேர்த்தே ஃபோகஸ் செய்துவிடுகிறது. போதாததற்குப் பேட்ஜின் முள் திரையைக் கீறவும் செய்யும்.

இதற்கு நான் சிபாரிசு செய்கிற ஏற்பாட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கீழே வருகிற பாதிப் புகார்கள் இந்த ஒன்றிலேயே தீர்ந்துவிடும். கறுப்பு சார்ட் அட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பேட்ஜின் பின்பக்கத்தை ஒரு தாளில் மெதுவாக ஒற்றி, முள் எங்கே இருக்கிறது, ஜன்னல் எங்கே இருக்கிறது என்று அளவு எடுங்கள். ஜன்னல் இருக்கிற இடத்தில், ஜன்னலைவிட ஒரு மயிரிழை பெரிதாக அட்டையில் ஓட்டை வெட்டுங்கள். முழு ஃபிரேம் வெளியே தெரிந்தால் அது ஏறக்குறைய 22 மிமீ அகலம், 16 மிமீ உயரம் இருக்கும். முள் இருக்கிற இடத்தில் ஊசியால் துளை போடுங்கள். இப்போது சட்டையில் குத்துவதைப் போல அட்டையில் பேட்ஜைக் குத்தி, பின்னால் ரப்பர் மூடியை மாட்டுங்கள். அட்டையின் அடியில் இரண்டு பக்கமும் ஒரு தடித்த புத்தகம் வைத்தால் அது நிமிர்ந்து நிற்கும்.

பேட்ஜ் இனி படுக்கவில்லை, நிற்கிறது. முள் இடறாது, ஆடாது, விரல் ரேகை விழாது. அட்டை கறுப்பாக இருப்பதால் சுற்றிலும் கசிகிற வெளிச்சம் லென்ஸுக்குள் போகாது, படத்தில் கறுப்பு கறுப்பாகவே நிற்கும்.

அட்டைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி விளக்கு. இரண்டுக்கும் நடுவே, அட்டையிலிருந்து நான்கு விரல் தள்ளி, பால் வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்று. எல்இடி நேம்போர்டு செய்கிற கடைகளில் இது வெட்டி மிஞ்சிய துண்டாகக் கிடக்கும். “அண்ணாச்சி, போர்டுக்குப் போடுற பால் கலர் அக்ரிலிக்ல சின்னத் துண்டு இருக்கா?” என்று கேட்டால் போதும். காசு வாங்காமல் கொடுத்தாலும் ஆச்சரியமில்லை. அது கிடைக்காவிட்டால் ஸ்டேஷனரி கடை பட்டர் பேப்பரை இரண்டாக மடித்து ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். இந்த நான்கு விரல் இடைவெளி முக்கியம். தகட்டில் இருக்கிற தூசியும் பேப்பரின் நாரும் ஃபோகஸை விட்டு விலகி மறைவது அதனால்தான். டேப்லெட் திரையையே விளக்காக வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. பிரைட்னஸை முழுதாக ஏற்றி, கண்ணுக்கு இதமான மஞ்சள் வெளிச்சம் தருகிற நைட் மோடை அணைத்துவிடுங்கள்.

படத்தில் இருட்டுப் பட்டைகள் குறுக்கே ஓடுகின்றன

விளக்கு துடிக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே மலிவான எல்இடியும் டியூப்லைட்டும் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். மொபைலில் ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், பட்டை போய்விடும். டிம்மர் உள்ள விளக்கென்றால் முழு வெளிச்சத்தில் எரிய விடுங்கள். வெளிச்சத்தைக் குறைக்கிற டிம்மர் பல நேரம் விளக்கை வேகமாக அணைத்து ஏற்றித்தான் குறைக்கிறது.

என் முகமும் மொபைலும் ஜன்னலில் தெரிகின்றன

அறை விளக்கை அணையுங்கள், ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள். பின்னால் எரிகிற விளக்கு ஒன்றே எரியட்டும். அப்போதும் மொபைலின் பளபளப்பான விளிம்பு தெரிந்தால், இன்னொரு கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு மொபைல் முன்னால் பிடியுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். பிளாஷ் அறவே வேண்டாம். ஒரு பிளாஷ் பிலிமை அழித்துவிடாது என்றாலும், முன்னாலிருந்து அடிக்கிற பிளாஷ் ஜன்னலில் வெள்ளைத் திட்டாக விழுந்து படத்தை மூடிவிடும்.

வானவில் நிறத்தில் வளையம் வளையமாக வருகிறது

இதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது.

தரையில் சிந்திய எண்ணெய்ப் படலம் போல் ஒழுங்கில்லாத வளையங்கள் தெரிந்தால் அவை நியூட்டன் வளையங்கள். வழவழப்பான இரண்டு பரப்புகள், இங்கே பிலிமும் ஜன்னல் பிளாஸ்டிக்கும், கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் இருக்கிற மெல்லிய காற்று இடைவெளி இந்த நிறங்களைக் காட்டும். பேட்ஜ் கெட்டுப்போகவில்லை. விரலால் அழுத்தினால் வளையம் நகரும், ஆனால் அழுத்தாதீர்கள். ஈரமான காலத்தில் அந்த அழுத்தம் பிலிமில் படத்தைத் தாங்கியிருக்கிற ஜெலட்டின் பூச்சைப் பிளாஸ்டிக்கோடு ஒட்ட வைத்துவிடும். வளையம் பெரும்பாலும் முன்பக்க வெளிச்சத்தில்தான் கண்ணைப் பறிக்கும். அறையை இருட்டாக்கி, பின் வெளிச்சத்தை இன்னும் மிருதுவாக்கினால் மங்கிவிடும்.

இரண்டாவது வகை, படம் முழுக்க பச்சையும் ஊதாவுமாகப் பூசியதுபோல் வருவது. டேப்லெட் திரையை விளக்காக வைத்து, லென்ஸில் போலரைசர் ஃபில்டரும் (ஒரே தளத்தில் அதிர்கிற ஒளியை மட்டும் விடுகிற கண்ணாடி) மாட்டியிருந்தால் இது வரும். போலராய்டு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பார்த்தாலும் வரும். எல்சிடி திரையிலிருந்து வருகிற ஒளி ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிர்கிற ஒளி. நடுவில் பாலியஸ்டர் பிலிமோ இறுக்கத்தோடு வார்த்த பிளாஸ்டிக்கோ இருந்தால், எதிரே இருக்கிற போலரைசர் அதை நிறமாகக் காட்டிவிடும். ஃபில்டரைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது. பிலிமின் அடித்தகடு பாலியஸ்டரா, அதற்கு முந்திய அசிடேட்டா என்று பிரித்தறிய பிலிம் ஆவணக் காப்பகங்களில் இதே தந்திரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். குறுக்காக வைத்த இரண்டு போலரைசருக்கு நடுவே பாலியஸ்டர் நிறம் காட்டும். பேட்ஜில் ஜன்னல் பிளாஸ்டிக்கும் சேர்ந்து நிறம் காட்டும் என்பதால் இங்கே இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பிலிம் நன்றாக வந்தால் எனாமல் கறுத்துப்போகிறது

எனாமல் தெளிந்தால் பிலிம் கறுத்துப்போகும். முன்னால் ஒரு வெளிச்சம், பின்னால் ஒரு வெளிச்சம் என இரண்டு பொருளை ஒரே கிளிக்கில் பிடிக்கப் பார்க்கிறீர்கள். மொபைலின் ஹெச்டிஆர் (வெளிச்சமும் இருட்டுமான பகுதிகளைச் சமன்செய்கிற வசதி) இதைத் தானாகச் சரிசெய்ய முயன்று ஜன்னலைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் போட்டுவிடும். அதை அணைத்துவிடுங்கள்.

அவசரத்துக்கு ஒரு வழி: பின்விளக்கு எரியட்டும், லென்ஸுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைத் தாளைச் சாய்த்துப் பிடியுங்கள். பின்னாலிருந்து தெறிக்கிற வெளிச்சம் கொஞ்சம் எனாமலிலும் விழும். கறுப்பு அட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் கூடுதலாக விழும்.

சுத்தமாக வேண்டுமென்றால் ஸ்டாண்டில் மொபைலை நிறுத்தி இரண்டு படம் எடுங்கள். முதலில் பின்விளக்கு மட்டும், பிலிமுக்கு ஏற்ற எக்ஸ்போஷர். அடுத்து பின்விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் பட்டர் பேப்பர் வழியாக மென்மையான விளக்கு, எனாமலுக்கு ஏற்ற எக்ஸ்போஷர். நடுவில் பேட்ஜையோ மொபைலையோ தொடக் கூடாது. இரண்டையும் எடிட்டிங் ஆப்பில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டாவது படத்தில் ஜன்னலை மட்டும் அழித்தால் கீழே இருக்கிற பிலிம் தெரியும். விற்பதற்காகப் போடுகிற படமென்றால், இரண்டு படத்தைச் சேர்த்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வாங்குபவர் கையில் வந்ததும் ஜன்னல் கறுப்பாக இருக்கிறதே என்று சண்டைக்கு வர மாட்டார்.

ஃபோகஸ் நிற்கவே மாட்டேன் என்கிறது

மொபைலைக் கிட்டே கிட்டே கொண்டுபோகிறீர்கள், அது தானாக மேக்ரோ லென்ஸுக்கு மாறுகிறது, படம் குதிக்கிறது, மொபைலின் நிழலும் பேட்ஜில் விழுகிறது. தள்ளிப் போங்கள். ஒரு முழம் தள்ளி நின்று 2 மடங்கோ 3 மடங்கோ ஜூம் செய்யுங்கள். திரையில் பிலிம் இருக்கிற இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் அது பிலிமை விட்டுவிட்டு ஜன்னலின் மேல் கீறலில் போய் உட்காரும். இரண்டு விநாடி டைமர் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். ஆடி மாதம் பணகுடி, வள்ளியூர் பக்கம் என்றால் ஜன்னலையும் சாத்துங்கள். காற்றாலை சுற்றுகிற காற்றில் நிமிர்ந்து நிற்கிற அட்டை நிற்காது.

ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் கலங்கல் என்றால் மொபைல் நேராக இல்லை. பேட்ஜ் இருக்கிற இடத்தில் அட்டையோடு ஒட்டி ஒரு சின்ன முகக் கண்ணாடியைப் பிடியுங்கள். திரையின் நட்டநடுவில் உங்கள் லென்ஸே தெரிகிற வரைக்கும் மொபைலை நகர்த்துங்கள். தெரிந்துவிட்டால் இரண்டும் நேர்க்கு நேர். கண்ணாடியை எடுத்துவிட்டுக் கிளிக் செய்யலாம்.

நிறம் எல்லாம் சிவந்து கிடக்கிறது

இது விளக்கின் தப்பா, கேமராவின் தப்பா, பிலிமே அப்படித்தானா? கண்டுபிடிக்க நல்ல வழி பிலிமிலேயே இருக்கிறது. ஓரத்தில் பல்சக்கரம் மாட்டுவதற்கான துளைகள் இருக்கும், ஒரு ஃபிரேமுக்குப் பக்கத்துக்கு நான்கு. ஜன்னலில் அந்தத் துளை தெரிந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். துளைக்குள் பிலிம் கிடையாது, வெறும் வெளிச்சம்தான். அது வெள்ளையாக இருந்து படம் மட்டும் சிவப்பாக இருந்தால் பிலிம் நிறமிழந்திருக்கிறது. துளையும் சேர்ந்து மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் விளக்கை மாற்றுங்கள், கேமராவின் ஒயிட் பேலன்ஸைத் திருத்துங்கள். துளை தெரியாத பேட்ஜ் என்றால், பேட்ஜைக் கழற்றிவிட்டு அட்டையில் வெட்டிய வெற்று ஓட்டையை ஒரு படம் எடுத்து, அது வெள்ளையாக வரும்படி கேமராவை அமைத்து, அதே அமைப்பில் பேட்ஜை எடுங்கள். ஆட்டோவில் விட்டால் மொபைல் தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்திவிடும். விளக்கு வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்கிற அளவு) 95 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பிலிம் ஏன் சிவக்கிறது? கலர் பிலிமில் மூன்று சாய அடுக்குகள் உண்டு: சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள். டைட்டிலில் ‘ஈஸ்ட்மென் கலர்’ என்று பெருமையாகப் போட்ட காலத்துப் பிரிண்டுகளில் சியான் சாயம் முதலில் மங்கும், இருட்டில் பத்திரமாக வைத்திருந்தாலும் மங்கும். மிஞ்சுவது மெஜந்தா. ஆகவே நீலவானம் போய் எல்லாம் ரோஜா நிறம். 1980களின் தொடக்கத்தில் குறைவாக மங்கும் பிரிண்ட் பிலிம் வந்த பிறகு இது பெரிதும் குறைந்தது. அதற்கு முன்னாலும் டெக்னிகலர் நிறுவனத்தின் சாயம் ஏற்றும் முறையில் அச்சான பிரிண்டுகள் இன்றைக்கும் நிறம் மாறாமல் இருக்கின்றன. உங்கள் பேட்ஜில் இருப்பது சிவந்த பிலிம் என்றால் அதற்கு மருந்து கிடையாது. வெயிலும் சூடும் அதை இன்னும் வேகமாகக் கெடுக்கும். போட்டோவில் நிறத்தைத் திருத்திப் பார்க்கலாம், பார்த்து ரசிக்கலாம். ஆனால் திருத்திய படத்தை மட்டும் காட்டி விற்பது ஏமாற்று வேலை.

உருவங்கள் ஒல்லியாக நீண்டிருக்கின்றன, ஓரத்தில் ஏதேதோ கோடுகள்

இரண்டுமே குறை இல்லை. சினிமாஸ்கோப் படங்களைப் பிலிமில் அகலத்தைப் பாதியாக நெருக்கித்தான் பதிப்பார்கள். தியேட்டர் லென்ஸ்தான் அதை விரித்துக் காட்டும். எடிட்டிங் ஆப்பில் உயரத்தை அப்படியே விட்டு அகலத்தை மட்டும் இருமடங்காக்குங்கள். பேட்ஜின் முழுப் படத்தில் இதைச் செய்யாதீர்கள், பேட்ஜ் சப்பையாகிவிடும். பிலிமை மட்டும் தனியாக வெட்டி எடுத்துச் செய்யுங்கள்.

ஓரத்துக் கோடுகள் ஒலிப்பதிவு. படத்துக்கும் துளைகளுக்கும் நடுவே மேடு பள்ளமாக ஓடுகிற இரட்டைக் கோடு அனலாக் ஒலி. துளைகளுக்கு இடையில் பொடிப்பொடியான சதுரத் திட்டு இருந்தால் டால்பி டிஜிட்டல், பிலிமின் வெளி விளிம்பில் பட்டையாக இருந்தால் சோனியின் எஸ்டிடிஎஸ், படத்தை ஒட்டிப் புள்ளிக்கோடு போல இருந்தால் டிடிஎஸ். மூன்றும் டிஜிட்டல் ஒலி முறைகள், 1992, 93 வாக்கில் தியேட்டருக்கு வந்தவை. ஆகவே இவற்றில் எது தெரிந்தாலும் அந்தப் பிரிண்ட் அதற்குப் பிந்தியது என்று சொல்லிவிடலாம். பழைய படத்தின் முதல் வெளியீட்டுப் பிரிண்ட் என்று விற்கிற பேட்ஜில் டால்பி டிஜிட்டல் திட்டு தெரிந்தால் என்ன அர்த்தம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அதனால் ஓரத்தையும் ஒரு கிட்டப் படம் எடுத்து வைப்பது நல்லது.

ஜன்னலுக்குள் பனிமூட்டம்

இதுவரை சொன்னதெல்லாம் வெளிச்சத்தின் குறை. இனி வருவது பேட்ஜின் குறை, போட்டோவை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டியது.

ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் மூட்டம் வந்தால் அது வெறும் நீர்ப்பூச்சு. ஜிப் கவரில் போட்டு மூடி, கவரோடு வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு கவரைத் திறங்கள். வராது. சாரல் காலத்தில் குற்றாலம், தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் இருப்பவர்களுக்கு மூட்டம் நாள் கணக்கில் நிற்கலாம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் ஜெலட்டின் பூச்சில் பூஞ்சை பிடிக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருக்கும். உள்ளே இருப்பதை நாம் துடைக்க முடியாது, வளராமல் தடுக்கத்தான் முடியும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம், நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஈரப்பத மானி. மானியின் முள் 30க்கும் 50க்கும் நடுவில் நின்றால் சரி. வெயிலில் காய வைக்காதீர்கள். மே மாதம் பாளையங்கோட்டையில் மதியம் 40 டிகிரி போகிறது, அந்த வெயிலில் ஈரமான ஜெலட்டின் சுருங்கி விரிந்து, பிலிம் வளைந்து, ஜன்னலில் ஒட்டிக்கொள்ளும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படித் தண்ணீர் உள்ளே போன பேட்ஜை, ஹேர் டிரையர் காட்டாமல், அழுத்தாமல், நிழலில் ஜன்னல் மேலே பார்த்திருக்கும்படி ஒரு துணியில் வைத்துவிடுங்கள். நனைந்த ஜெலட்டின் உப்பி மெத்தென்று இருக்கும். தொட்டால் படமே கையோடு வரும்.

புளிச்ச வாடை அடிக்கிறது

ஊறுகாய் ஜாடி பக்கத்தில் இல்லையென்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வினிகர் வாடை பேட்ஜிலிருந்துதான் வருகிறதென்றால், உள்ளே இருக்கிற அசிடேட் பிலிம் சிதைந்து அசிட்டிக் அமிலம் விடுகிறது. நிறுத்த முடியாது, குளிர்ச்சியிலும் உலர்வான இடத்திலும் வேகம் குறையும். மற்ற பேட்ஜ்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள், ஏனென்றால் அந்த ஆவி பக்கத்தில் இருக்கிற பிலிமையும் உலோகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். காற்றுப் புகாத டப்பாவுக்குள் பூட்டினால் அமிலம் உள்ளேயே தங்கி இன்னும் வேகமாகும். காற்றோட்டமான காகித உறையில் வையுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் இப்போதே எடுங்கள், போகப் போகப் பிலிம் வளைந்து ஃபோகஸுக்கு வராமல் போகலாம். பாலியஸ்டர் பிலிமுக்கு இந்த நோய் கிடையாது.

கையால் செய்த பேட்ஜ், மிகப் பழைய ரோலிலிருந்து வெட்டியது என்று சொல்லி விற்றார்கள் என்றால் இன்னொரு எச்சரிக்கை. 1950களின் தொடக்கம் வரை 35 மிமீ பிலிம் நைட்ரேட்டில் வந்தது. அது பற்றினால் தண்ணீராலும் அணையாது, தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொண்டு எரியும். பிலிம் ஓரத்தில் ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’ என்று அச்சாகியிருந்தால் பெரும்பாலும் நிம்மதி. ‘நைட்ரேட்’ என்று இருந்தாலோ, பிசுபிசுப்பாக, தேன் நிறத்தில் மாறிக்கொண்டிருந்தாலோ வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். தீக்குச்சி வைத்துச் சோதித்துப் பார்க்கிற யோசனையைச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

முள்ளிலும் ஓரத்திலும் பச்சையாகப் பிசுக்கு

செம்போ பித்தளையோ கலந்த உலோகம் ஈரத்திலும் உப்புக்காற்றிலும் பூக்கிற களிம்பு இது. உவரி, திருச்செந்தூர், கூடங்குளம் பக்கத்தில் சீக்கிரமே வரும். மெத்தென்ற, வாடையடிக்கிற பிவிசி கவரில் வைத்தாலும் வரும். கவரை மாற்றுங்கள். பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியஸ்டர் கவர் நல்லது. பிசுக்கைப் பல்குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். குத்துவிளக்கு துலக்குகிற பழக்கத்தில் புளியையோ எலுமிச்சையையோ விபூதியையோ எடுத்துவிடாதீர்கள். அமிலம் ஓரத்து இடுக்கு வழியாகப் பிலிமுக்குப் போகும், விபூதி ஜன்னலைக் கீறும்.

ஜன்னல் அழுக்கு, கீறல், உள்ளே தூசி

வெளித் தூசிக்குக் கையால் அழுத்துகிற ரப்பர் ஊதி, அப்புறம் கண்ணாடி துடைக்கிற மைக்ரோஃபைபர் துணி. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே, ஸ்பிரிட், சானிடைசர் மூன்றும் வேண்டாம். ஜன்னல் அக்ரிலிக்காக இருந்தால் அமோனியாவும் ஆல்கஹாலும் அதில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். கீறலுக்குப் பற்பசை தேய்க்கச் சொல்லும் வீடியோக்களைத் தாண்டிப் போங்கள். பின்விளக்கு மட்டும் எரிகிறபோது, அதுவும் பால் அக்ரிலிக் வழியாகப் பரவலாக வருகிறபோது, மெல்லிய கீறல் பெரும்பாலும் படத்தில் விழவே விழாது. உள்ளே இருக்கிற தூசியையும், சாய்ந்து உட்கார்ந்திருக்கிற பிலிமையும் அப்படியே விட்டுவிடுங்கள். போட்டோவில் இரண்டு டிகிரி திருப்பிக்கொள்ளலாம், தூசிப் புள்ளியை எடிட்டிங்கில் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் விளக்கை அணைத்து, பேட்ஜை இருட்டான அலமாரியில் வையுங்கள். விளக்குப் பெட்டியில் மாட்டி வைத்து இரவு பகலாக எரியவிட்டால் நிறம் தங்காது.